அச்சில் வார்த்த அழகு

தேநீரைச் சாசரில் ஊற்றி ஆற்றிப் பருகும் வழக்கம் நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் புதிதன்று. 1830களில் அமெரிக்க இல்லங்களிலும் இவ்வழக்கம் நிலவியது. சாசர் கைக்குப் போய்விட்டால் ஈரக் கோப்பையை எங்கே வைப்பது? மேசைவிரிப்பில் கறை படியுமே! அதற்கென்றே ஏறத்தாழ மூன்று அங்குல அகலத்தில் சின்னஞ்சிறு கண்ணாடித் தட்டுகளை அங்குள்ள தாய்மார்கள் வாங்கி வைத்தனர். கழுகு, கப்பல், அரசியல் தலைவரின் முகம் எனப் பல சித்திரங்கள் அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தன.

அதற்குமுன் இத்தகைய அலங்காரம் செல்வந்தர் வீட்டுக்கே உரியதாயிருந்தது. குழலால் ஊதி உருவாக்கிய பாத்திரத்தில் சக்கரத்தால் பூவேலை செதுக்குவதற்குப் பெருஞ்செலவு பிடித்தது. 1820களில் அமெரிக்கர் வேறு வழி கண்டனர். உருகிய கண்ணாடிக் குழம்பை இரும்பு அச்சில் இட்டு, நெம்புகோலால் இறங்கும் உலக்கை போன்ற தண்டினால் அழுத்தினர். குழம்பு சற்றுக் குறைந்தால் விளிம்பு நிறையாது. கூடினால் பாத்திரம் தடித்துவிடும்.

1825இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சாண்ட்விச் என்னும் கடலோரச் சிற்றூரில் டெமிங் ஜார்விஸ் நிறுவிய ஆலை இத்தொழிலில் பெரும் பெயர் பெற்றது. (கடற்கரை மணலுக்காக அவ்வூரைத் தேர்ந்தார் என்று எண்ணிவிட வேண்டாம். அம்மணல் நல்ல கண்ணாடிக்கு உதவாது. உலைக்கு வேண்டிய விறகுக் காடுகளும் படகுப் போக்குவரத்துமே அவரை ஈர்த்தன.) அச்சுமுறை வெற்றி பெற்றதும், பிழைப்பு பறிபோகுமே என்று அஞ்சிய ஊதுதொழிலாளர் அவரைக் கொன்றுவிடுவதாக மிரட்டினர். ஆறு வாரம் மறைந்து வாழ நேர்ந்ததாக அவரே பின்னாளில் கூறினார். அத்தொழிலாளரை முற்றிலும் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. தம் மூச்சையே மூலதனமாகக் கொண்டவர்களல்லவா?

குளிர்ந்த இரும்பு பட்டால் கண்ணாடியின் மேற்பரப்பு மங்கும். அக்குறையை மறைக்க, அச்சு செதுக்குவோர் பின்புலமெங்கும் நுண்புள்ளிகளை நிரப்பினர். விளக்கொளியில் அது சரிகைப் பின்னல்போல் மின்னிற்று. குறையை மறைக்கப் போய் ஒரு புதுக்கலையே பிறந்துவிட்டது!

1864இல் வீலிங் நகரில் வில்லியம் லெய்ட்டன் என்பார், ஈயம் சேராத, சோடாவும் சுண்ணாம்பும் கொண்ட கலவையைச் செம்மைப்படுத்தினார். சுண்டினால் ஈயக் கண்ணாடியின் மணியோசை இதில் எழாது. ஆயினும் விலை மலிவு. சாண்ட்விச் ஆலை போட்டியில் தளர்ந்து, 1888இல் எழுந்த வேலைநிறுத்தத்தோடு மூடப்பட்டது.

அச்சுமுறை மட்டும் நம் ஊர்வரை வந்து சேர்ந்துவிட்டது. திருத்தணிக்குச் செல்லும் வழியில் கனகம்மாசத்திரத்துத் தேநீர்க் கடையில் இறங்கினால், வரிவரியாய்ப் பள்ளமிட்ட கண்ணாடிக் கிளாசைத் தடவிப் பாருங்கள். வெளிப்புறம் மேடுபள்ளம், உட்புறம் வழவழப்பு என்றிருந்தால் அது அழுத்தி வார்த்தது. அச்சுக்குள் ஊதியதாயின் வெளியிலுள்ள வரிகள் உள்ளேயும் தட்டுப்படும். இல்லத்தில் இவ்வகைக் கிளாசில் கொதிக்கும் தேநீரை ஊற்றுமுன் வெதுவெதுப்பான நீரால் அலசிக்கொள்ளுங்கள்; தடித்த கண்ணாடி திடீர்ச் சூட்டில் விரிசல் கண்டுவிடும்.