ஆகாயத்திலும் வீதிகள் உண்டு

தரையிலே செல்லும் வண்டிக்கு வீதி வேண்டும். ஆறு குறுக்கிட்டாற் பாலம் வேண்டும். மலை எதிர்ப்பட்டாற் சுற்றிச் செல்லவேண்டும். ஆகாய விமானத்துக்கோ இத்தடைகள் ஒன்றுமில்லை. நினைத்த இடத்துக்கு நேர்கோடாகப் பறந்து செல்லலாம் என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். ஆனால் உண்மை வேறு. பெரு நகரங்களின் மேலே, நூறு மைல் தூரம் செல்லும் சிறு விமானத்துக்குங்கூட முன்னரே வகுக்கப்பட்ட வழியொன்று உண்டு. அதனை அளிப்பவர் தரையில் அமர்ந்திருக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். இந்த ஏற்பாடு நன்கு வளர்ச்சியடைந்திருக்கும் அமெரிக்காவின் தென் கலிபோர்ணியாவை எடுத்துக்கொண்டு, இது எவ்வாறு நடைபெறுகின்றது, ஏன் வேண்டியதாயிற்று என்பவற்றை ஈண்டு நோக்குவோம்.

கொடியிலே தொடங்கிய தொழில்

1929ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகர விமானத்தளத்தில் ஆர்ச்சி லீக் என்பவர் பணிக்கமர்ந்தார். குடை, நாற்காலி, மதிய உணவு, இரண்டு கொடிகள் ஆகியவற்றை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் ஓடுபாதையின் ஓரத்துக்குச் செல்வார். கட்டமிட்ட கொடியைக் காட்டினால் விமானம் புறப்படலாம். செங்கொடியைக் காட்டினால் நிற்கவேண்டும். அந்நாட்டின் முதலாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் என இன்றும் போற்றப்படுபவர் இவரே.

கண்ணுக்கெட்டிய தூரத்துக்குக் கொடி போதுமாயிருந்தது. கண்ணுக்கு எட்டாத தூரத்தில் யாது செய்வது? 1935 டிசம்பரில் நியூவார்க் நகரிலே, விமானக் கொம்பனிகள் ஒன்றுகூடி வழிக் கட்டுப்பாட்டு நிலையமொன்றை நிறுவின. அங்கிருந்தோர் கரும்பலகையில் விபரங்களை எழுதியும், தேசப்படத்தின்மேல் சிறு அடையாளங்களை நகர்த்தியும் விமானங்களின் இருப்பிடத்தைக் கணித்து வந்தனர். அடுத்த ஆண்டிலே அரசாங்கம் அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டது.

மூன்று நிமிட இடைவெளி

எனினும், வானம் பெரியது. விமானிகள் ஒருவரையொருவர் கண்டு விலகிக்கொள்வர் என்னும் நம்பிக்கை நெடுநாள் நிலவிற்று. 1956 ஜூன் 30ஆந் திகதி அந்நம்பிக்கை தகர்ந்தது. அன்று காலை லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து இரண்டு பெரும் பயணி விமானங்கள் மூன்று நிமிட இடைவெளியிற் புறப்பட்டன. ஒன்று கன்சாஸ் நகருக்கும், மற்றது சிக்காகோவுக்கும் செல்ல வேண்டியவை. வழியில், வகுக்கப்பட்ட பாதைகளுக்கு அப்பால், கட்டுப்பாடற்ற வான்வெளியில் 21,000 அடி உயரத்தில் கிராண்ட் கன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கின்மேல் அவை ஒன்றோடொன்று மோதின. இரண்டிலும் இருந்த 128 பேரும் மாண்டனர். இவ்விபத்து மக்களை உலுக்கிற்று. 1958இலே புதிய சட்டம் பிறந்தது. அமெரிக்க வான்வெளி முழுவதையும் ஒரே ஆணையத்தின் பொறுப்பில் ஒப்படைத்தது.

குறும் பயணத்தின் வழி

இப்பொழுது தென் கலிபோர்ணியாவுக்கு வருவோம். லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரைச் சூழப் பெரியனவும் சிறியனவுமான விமானத்தளங்கள் பல நெருங்கிக் கிடக்கின்றன. வடபுறத்திலே பேர்பாங்க், தெற்கே கடலோரத்திலே சான் டியாகோ. இடைத்தூரம் நூறு மைலுக்குச் சற்று அதிகம். பேர்பாங்கிலிருந்து நேர்கோடாகத் தெற்கு நோக்கிப் பறக்கும் விமானம், கிழக்கிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் தளத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிவரும் ஜெட் விமானங்களின் பாதையைக் குறுக்கே வெட்டவேண்டியிருக்கும்.

ஆதலால், கருவிகளின் துணைகொண்டு பறக்கும் விமானங்களுக்கென, இன்ன தளத்திலிருந்து இன்ன தளத்துக்கு, இன்ன குறியிடங்களின் மேலாக, இன்ன உயரத்திற் செல்லவேண்டுமென்று கட்டுப்பாட்டு நிலையங்கள் தமக்குள் உடன்பாடு செய்து வைத்திருக்கின்றன. இவற்றை 'டவர் என்ரூட்' வழிகள் என்பர். ஒவ்வொரு வழிக்கும் குறியீட்டுப் பெயர் உண்டு. அரசாங்க நூலில் அவை அச்சிடப்பட்டுள்ளன. தொலைதூர விமானங்களைக் கவனிக்கும் பெருநிலையம் பாம்டேல் என்னும் ஊரில் உள்ளது. தாழப் பறந்து சிறிது நேரத்தில் இறங்கிவிடும் விமானங்கள் அதன் கைக்குப் போகாமல், விமானத்தளங்களைச் சூழ்ந்த வான்பகுதியைக் காக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்குள்ளேயே ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிச் செல்கின்றன.

எல்லா விமானங்களுக்கும் ஒரே உயரம் இல்லை. எஞ்சினின் வகையையும், வேகம் மணிக்கு 190 கடல் மைலுக்கு மேலா கீழா என்பதையும் பொறுத்து உயரம் வேறுபடும். விரைந்து செல்வது மெல்லச் செல்வதன் வாலைப் பிடிக்கலாகாதன்றோ! காற்றுத் திசைமாறி, லொஸ் ஏஞ்சல்ஸ் தளத்தில் இறங்கும் திசையும் மாறுமானால், அதற்கெனத் தயாராயுள்ள வேறு வழிகள் நடைமுறைக்கு வரும்.

வழி கிடைக்கும் விதம்

விமானி தாம் செல்லவிருக்கும் வழியை முன்கூட்டியே அறிவிப்பார். அது வகுத்த வழியோடு பொருந்தாவிடின், கணினி உரிய வழியை எடுத்துக் கொடுத்துவிடும். விமானி புறப்படுமுன் வானொலியில் அழைக்க, கட்டுப்பாட்டாளர் ஐந்து செய்திகளை ஒழுங்காகச் சொல்வார்: எதுவரை செல்லலாம், எவ்வழி, எவ்வுயரம், புறப்பட்டபின் எந்த வானொலி அலையிற் பேசவேண்டும், றேடாருக்குரிய அடையாள எண் யாது என்பனவே அவை. அவ்வெண் நான்கு இலக்கமுடையது. ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 7 வரையில் அமையும். அவ்வாறாயின் எத்தனை எண்கள் கிடைக்கும் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம், விடை 4,096. விமானி யாவற்றையும் எழுதிக்கொண்டு திருப்பிச் சொல்லவேண்டும். பிழையிருந்தால் அப்பொழுதே திருத்தப்படும்.

விமானி வெறும் ஏவலாளர் அல்லர். ஒற்றை எஞ்சின் விமானத்தைக் கடலின்மேற் செலுத்த அவர் விரும்பாவிட்டால், வேறு வழி கேட்கலாம். சிறிது காத்திருக்கவும் நேரலாம். ஆபத்து வேளையிலே விதியை மீறி விமானத்தைக் காப்பாற்றும் அதிகாரமும் அவருக்குண்டு.

மறக்கவியலாத பாடம்

வானம் தெளிந்திருக்கும்போது, கண்ணாற் பார்த்துப் பறக்கும் விமானிகள் பல இடங்களில் தம் வழியைத் தாமே தெரிவு செய்யலாம். ஆயினும் பெருந்தளங்களைச் சூழ்ந்த பகுதிக்குள் நுழைய அனுமதி வேண்டும். 1986 ஆகஸ்ட் 31ஆந் திகதி, மூவர் சென்ற சிறு விமானமொன்று அனுமதியின்றி லொஸ் ஏஞ்சல்ஸ் தளத்தின் எல்லைக்குட் புகுந்துவிட்டது. அதன் உயரத்தை றேடாருக்கு அறிவிக்கும் கருவி அதில் இருக்கவில்லை. இறங்கிக்கொண்டிருந்த மெக்சிக்கோ நாட்டுப் பயணி விமானத்துடன் செரிற்றோஸ் என்னும் ஊரின்மேல் அது மோதிற்று. இரு விமானங்களிலும் இருந்த 67 பேரும், கீழே தரையில் இருந்த 15 பேரும் உயிரிழந்தனர். சிறு விமானி வேண்டுமென்றே தவறிழைத்தாரல்லர். விசாரணை செய்தோர் கட்டுப்பாட்டு முறையிலிருந்த குறைகளையும் எடுத்துக்காட்டினர். அதன்பின்னரே, பெருந்தளங்களின் அருகிற் பறப்பவை உயரம் அறிவிக்கும் கருவியையும், பயணி விமானங்கள் மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் கருவியையும் கொண்டிருக்கவேண்டுமென விதிக்கப்பட்டது.

வகுத்த வழி சில மைல்கள் கூடுதலாயிருக்கலாம். சிறிது எரிபொருளும் மேலதிகமாகச் செலவாகலாம். ஆனால், இருவர் ஒரே இடத்தை ஒரே கணத்தில் விரும்பும்போது யார் விலகுவது என்னும் வினாவுக்கு, அக்கணத்திலே விடை தேட நேரமிராது. ஆறுதலாயிருந்து சிந்திக்கக்கூடிய வேளையிலே பலர் கூடித் தேடிய விடைதான் அந்த வழி. அடுத்த முறை விமானமொன்று வளைந்து செல்வதை அண்ணாந்து பார்க்கும்போது, விமானி வழிதவறிவிட்டார் என்று எண்ணற்க. கண்ணுக்குத் தெரியாத வீதியொன்றிலே அவர் ஒழுங்காகச் சென்றுகொண்டிருக்கக்கூடும்.