துணைக்கு ஒரு தோழி

வளைகாப்பு அன்று கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கவும், புளியோதரையும் எலுமிச்சை சாதமும் கட்டிக்கொண்டு வரவும் தோழிகளுக்குக் குறைவே இருக்காது. பிரசவ அறை வாசலுக்கு வந்ததும் அத்தனை பேரும் வெளியே. உள்ளே கர்ப்பிணி மட்டும் தனியாக. நெடுங்காலம் இப்படித்தான் நடந்தது.

வலி தொடங்கியதிலிருந்து குழந்தை பிறக்கும்வரை ஒருவர் கூடவே இருந்தால்? 15,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது 2017-இல் வெளியான, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை. துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடியிருக்கிறது, வலி நேரம் சற்றுக் குறைந்திருக்கிறது, சிசேரியனும் குறைவு. துணைக்கு வந்தவர் பெரிய வித்தை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இடுப்பைத் தேய்த்துவிடலாம், குடிக்கத் தண்ணீர் கொடுக்கலாம், 'இதோ ஆயிற்று, இன்னும் கொஞ்சம்தான்' என்று தைரியம் சொல்லலாம். இதற்குச் செலவும் கிடையாது!

தமிழக அரசு மருத்துவமனைகளில் 2004-லேயே பிரசவத் துணைக்கு வழி செய்யப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் எல்லாரையும் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே, தாய்மார்களே, மாதப் பரிசோதனைக்குப் போகும்போதே யாரை அழைத்துவரலாம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை வழங்க மற்ற தோழிகள் வெளியே காத்திருக்கட்டும்.