பட்டுத் தொப்பியும் துடைப்பமும்
லண்டன், 19ஆம் நூற்றாண்டு

அரக்கால் விறைப்பாக்கிய துணிக்கூட்டின் மேல் வெல்வெட் போன்ற பட்டை ஒட்டிச் செய்த தொப்பி இது. முன்பு பீவரின் ரோமத்தில் செய்தார்கள். விக்டோரியா காலக் கனவான் இது இல்லாமல் தெருவில் இறங்கமாட்டார்.

தெருவோ குதிரை லத்தியும் சேறும். சந்திகளில் துடைப்பத்தோடு காத்திருந்த சிறுவர்களும் முதியவர்களும் அவருக்கு முன்னே வழி பெருக்கிவிட்டார்கள். சம்பளம் கிடையாது, அவர் மனமிரங்கித் தந்த பென்னிதான். அவர்கள் வாழ்க்கையை அவர்கள் வாய்மொழியிலேயே பதிவு செய்தவர் பத்திரிகையாளர் ஹென்றி மேஹியூ. அந்தப் பக்கங்கள் இன்றும் நெஞ்சைப் பிசைகின்றன.

1851இல், மாபெரும் கண்காட்சிக்கு வந்த கூட்டத்தை நம்பி, ஏழைப் பள்ளிச் சிறுவர்கள் சிவப்பு மேற்சட்டை அணிந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போடும் தொழிலில் இறங்கினார்கள்.