அச்சமும் ஐயமும்

கோர உருவம் விளைக்கும் அச்சத்தினும் ஐயம் விளைக்கும் அச்சம் கொடிது. இதனை 1982ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி திங்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் நன்கு விளக்குகிறது. இயக்கியவர் ஜான் கார்ப்பெண்டர்.

இதன் மூலம், ஜான் கேம்ப்பெல் 1938இல் எழுதிய குறுநாவலாகும். 1951இல் அக்கதை முதன்முறை படமாயிற்று. அதில் வேற்றுலக உயிர் தனி உருவுடன் எதிரே வந்தது. மாந்தர் ஒன்றுகூடி மின்சாரத்தால் அதனை அழித்தனர். ஆயின், மூலக்கதையின் உயிர்நிலை வேறு. அதனையே கார்ப்பெண்டர் மீட்டளித்தார்.

தென்துருவப் பனிவெளியில் ஓர் ஆய்வு நிலையம்; அதில் பன்னிருவர். அங்கே புகும் வேற்றுயிர், தான் பற்றிய உயிரின் உருவையே மேற்கொள்கிறது. உடனிருப்பவன் தோழனா, பகையா? கண்டறிய வழியில்லை. இறுதியில், எஞ்சியோரின் குருதியைத் தனித்தனித் தட்டுகளில் எடுத்து, காய்ச்சிய கம்பியால் தொட்டுச் சோதிக்கின்றனர். வேற்றுயிரின் குருதியாயின், தன்னைக் காத்துக்கொள்ளத் துள்ளியெழும். கம்பி தொடுமுன் நிலவும் அமைதியே படத்தின் பேரச்சம்.

ராப் பாட்டின் அமைத்த கோர உருவங்களை மட்டுமே கண்ட திறனாய்வாளர் பலர், அன்று படத்தைப் பழித்தனர். இரு வாரம் முன்னர் வெளிவந்த ‘இ.டி.’ படத்தின் அன்புடைய வேற்றுலக உயிரோ மக்கள் உள்ளத்தைக் கவர்ந்திருந்தது. பிற்காலத்தார் மதிப்பீடு மாறிற்று. இன்று இஃது இவ்வகையின் தலைசிறந்த படங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

முடிவில் நிலையம் எரிகிறது, கடுங்குளிர் நெருங்குகிறது. எஞ்சிய இருவர் ஒருவரையொருவர் நம்ப இயலாது அமர்ந்திருக்கின்றனர். பகை அழிந்ததோ இல்லையோ, நட்பு அழிந்துவிட்டது.