நின்ற வண்டியும் நெடுநாள் பெட்ரோலும்

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் சங்க நண்பர்கள் பலர், மோட்டார் சைக்கிளை விடுதிக் கொட்டகையில் பூட்டிவிட்டு ரயிலேறுகிறார்கள். திரும்பி வந்து உதைத்தால் வண்டி கிளம்ப மறுக்கிறது. ஆண்டுக்கணக்கில் கிடந்த வண்டி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிட்டுத் தவிப்போரும் உண்டு. நான் இயந்திரவியல் மாணவன் ஆதலால் இரு சாராரும் என்னிடம் வருகின்றனர். அவர்களுக்குத் தனித்தனியே சொல்லி வருவதை இங்கே ஒருசேர எழுதுகிறேன்.

பெட்ரோல் ஒரே பொருளன்று. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. இவற்றுள் இலேசானவை முதலில் ஆவியாகிவிடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எளிதில் தீப்பற்ற உதவுபவை இவையே. எஞ்சியவை காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் மெல்லச் சேர்ந்து பிசினாகின்றன. கார்புரேட்டரின் ஜெட் என்னும் ஊசித்துளையை அடைக்க இப்பிசின் சிறிதளவே போதும். நிறம் கறுத்து, வார்னிஷ் போல நெடி அடித்தால் அது கெட்ட பெட்ரோல் என அறியலாம்.

இக்காலத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துள்ளது. நம் நாட்டில் எத்தனால் கலப்பு 2022இல் 10 சதவீதத்தையும், 2025இல் 20 சதவீதத்தையும் எட்டிற்று. எத்தனால் ஈரக்காற்றிலிருந்து நீரை ஈர்க்கும். நீர் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். தொட்டியின் அடித்தகட்டை அரிப்பது இதுவே.

மேல் தகடும் தப்புவதில்லை. பகலில் விரிந்து வெளியேறும் காற்று, இரவில் குளிர்ந்து ஈரத்தோடு உள்ளே நுழைகிறது. தொட்டியில் வெற்றிடம் எவ்வளவோ அவ்வளவு ஈரம். ஈரம் எவ்வளவோ அவ்வளவு துரு. ஆகவே இரண்டு மாத விடுமுறையானால் தொட்டியை நிரப்பி வைத்து, கார்புரேட்டரில் உள்ளதை வடித்துவிடுக. ஆண்டுக்கணக்கானால் முழுதும் வடித்து, உலர்த்தி, உட்புறம் எஞ்சின் எண்ணெய் பூசி வைப்பதே நன்று.

ஏற்கெனவே துருப்பிடித்த தொட்டியை என்ன செய்வது? முதலில், கிளப்பிப் பார்க்கும் ஆசையை அடக்குக. துருத்தூள் எஞ்சினை நோக்கி ஓடும். பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில் பெட்ரோலை வடியுங்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சுதல் கூடாது. ஒரு மடக்கு நுரையீரலுக்குள் சென்றாலும் உயிருக்கே கேடு. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து சென்று தொலைவிலுள்ள அடுப்பிலும் பற்றும். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாமல், கழிவு எண்ணெய் சேர்க்கும் பட்டறையில் ஒப்படையுங்கள்.

பிறகு தொட்டியைக் கழற்றிச் சோப்பு நீரால் பலமுறை கழுவுக. துளைகளை அடைத்து, லிட்டர் நீருக்கு 50 முதல் 100 கிராம் வரை சிட்ரிக் அமிலம் கரைத்து நிரப்பி, ஓரிரவு விடுக. நம் வீடுகளில் பித்தளைக் குடத்தைப் புளியிட்டு விளக்குவதும் இதே வேதியியல்தான். கழிவறை ஆசிட் வேண்டாம். அது துருவோடு நல்ல இரும்பையும் தின்றுவிடும். பின்னர்ச் சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, உடனே உலர்த்தி எண்ணெய் பூசுக. தாமதித்தால் கண்ணெதிரே மீண்டும் துரு படரும். புதிய பில்டர் பொருத்திய பின்னரே பெட்ரோல் ஊற்றுக.

இறுதியாக ஒன்று. தொட்டியில் ஓட்டை கண்டதும் "காலித் தொட்டிதானே" என்று வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிச் செல்வோர் உண்டு. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் வெடிக்கும். நிறைந்த தொட்டியின் உள்ளே காற்றுக்கு இடமில்லை; காலித் தொட்டியிலோ இந்த விகிதம் எளிதில் அமைந்துவிடும். கழுவிய பிறகும் துருவின் அடியிலும் மடிப்புகளிலும் பெட்ரோல் ஒளிந்திருக்கும். சூடு பட்டதும் அது ஆவியாகி வெளிப்படும். கழுவிவிட்டோம் என்ற நம்பிக்கையில் வெல்டிங் வைத்து உயிரிழந்தவர்கள் பல நாடுகளிலும் உண்டு. ஓட்டை விழுந்தால் வேறு தொட்டி வாங்குங்கள். துருவுக்கு மருந்து உண்டு. அந்த வெடிக்கு மருந்து இல்லை.