கண்ணாடியில் இலித்திய அயனி இயக்கமும் ‘மின்பகுளி’ என்னும் சொல்லும்

மின்கலத்தின் இரு முனைகட்கும் இடையே நின்று அயனிகளைக் கடத்தும் பொருளை ‘மின்பகுளி’ என்று வழங்குகின்றோம். மின்னாற் பகுக்கப்படுவது என்பது இதன் பொருள். 1834இல் பாரடே வெளியிட்ட கிரேக்கச் சொல்லாக்கத்தின் பொருளும் அதுவே. உப்புக் கரைந்த நீர்மத்தில் நேரயனி ஒருபாலும் எதிரயனி மறுபாலும் பிரிந்து செல்லுதலின் ஆண்டு இப்பெயர் பொருந்தும். திண்ம மின்கலத்துக் கண்ணாடிக்கும் பொருந்துமா என்பதே ஈண்டு யாம் ஆராய்வது.

இலித்தியம், பாசுபரசு, கந்தகம் ஆகியவற்றாலாய கண்ணாடியைக் காண்போம். பாசுபரசும் கந்தகமும் தம்முட் பிணைந்து, எதிர்மின்னுடைய குழுக்களாய் நிலைபெயராது நிற்கின்றன. பெயர்வது இலித்திய அயனி ஒன்றே. அதுவும் ஆறுபோல் ஒழுகுவதன்று. ஓரிடத்தே அதிர்ந்துகொண்டிருந்து, அண்டையிடம் வறிதாயவழி, வெப்பத்தாற் போதிய ஆற்றல் பெற்ற கணத்தில் ஆங்குத் தாவுகின்றது. படிகத்தில் இத்தகைய இடங்கள் ஒழுங்குபட அமையும். கண்ணாடியிலோ தடைகள் ஒருபடித்தாய் இரா. ஆக்சிசனினும் கந்தகம் பெரிது. அதன் எலக்ட்ரான் முகில் எளிதில் நெகிழ்வது. ஆதலின் இலித்தியத்தை இறுகப் பற்றுவதில்லை. இதனாற் கந்தகக் கண்ணாடியின் கடத்துதிறன் ஆக்சைடுக் கண்ணாடியினும் பன்மடங்கு மிகும்; அறை வெப்பநிலையில் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.0001 சீமன்சு அளவினது.

கண்ணாடியினூடே சோடிய அயனி செல்லுதலை வார்பர்க் 1884இலேயே காட்டினார். ஒருபுறம் சோடிய இரசக்கலவை வைத்து மின் செலுத்த, சோடியம் கண்ணாடியைக் கடந்தது, கண்ணாடி பகுபடவில்லை.

‘அயான்’ என்னும் கிரேக்கச் சொல்லோ ‘செல்வது’ எனப் பொருள்படும். வடமொழி ‘அயனம்’ அதனோடு ஒருவேர்ப்பட்டது. ஆதலின், நீர்மங்கட்கு ‘மின்பகுளி’ நிற்க, கண்ணாடி முதலிய திண்மங்களை ‘அயனிகடத்தி’ எனல் தகும் என்று கருதுகின்றோம்.