வடகடலில் வாழ்வு... தென்கடலில் வம்பு! ‘பெப்சி பாசி’ படுத்தும் பாடு

பாம்பன், மண்டபம் பக்கம் போய் ‘காப்பாஃபைகஸ் ஆல்வரேஸி எங்கே கிடைக்கும்?’ என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். ‘பெப்சி பாசி’ என்று கேளுங்கள், சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும்.

குளிர்பானத்தின் பெயர் கடல் பாசிக்கு எப்படி வந்தது? 2000-ஆம் ஆண்டு வாக்கில் இதை வணிகரீதியாக இந்தக் கரையில் வளர்க்க முன்வந்தது பெப்சிகோ நிறுவனம். 2008-இல் அந்தத் தொழில் அக்வாக்ரி என்ற நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. கம்பெனி மாறினாலும் பெயர் மாறவில்லை.

இந்தப் பாசியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால், சாப்பிட்டிருப்பீர்கள். இதிலிருந்து எடுக்கும் ‘கராஜினன்’ என்ற பொருள்தான் ஐஸ்கிரீமுக்கு வழவழப்பையும், பற்பசைக்குக் கெட்டித்தன்மையையும் கொடுக்கிறது. பாசியைப் பிழிந்தெடுக்கும் சாறு வயலுக்கு வளர்ச்சி ஊக்கியாகப் போகிறது. இராமநாதபுரம் கரையோரப் பெண்கள் பலருக்கு இதுதான் வருமானம்.

அதே பாசிதான் குருசடைத் தீவின் பவளப்பாறை மேல் படர்ந்து, ‘அந்நிய ஆக்கிரமிப்பாளர்’ என்ற பட்டத்தையும் வாங்கியிருக்கிறது. இதைக் கட்டுப்படுத்த அரசு விதி போட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் வாதம் ஓயவில்லை. காரணம், கடலை நம்பிப் பிழைப்பவர்கள் எல்லோரும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி இல்லை.

பிலிப்பைன்ஸிலிருந்து மண்டபம் வரை

பாசியின் பூர்வீகம் பிலிப்பைன்ஸ் பக்கம். பாவ்நகரில் தலைமையகம் கொண்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1980-களில் இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. முதலில் குஜராத்தின் ஓகா கடற்கரையில் வளர்த்துப் பார்த்தார்கள். 1990-களின் நடுவில் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது.

வளர்க்கும் முறை எளிமையானது. மூங்கிலைக் கட்டி ஒரு சதுர மிதவை. ஒரு பக்கம் சுமார் 3 மீட்டர். குறுக்கே கயிறுகள். கயிற்றில் கைப்பிடி அளவு பாசித் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட வேண்டும். மீன் கடிக்காமலிருக்க அடியில் வலை. ஒரு மிதவைக்குச் சுமார் 60 கிலோ விதைப்பாசி. 45 நாளில் அது 200 கிலோவைத் தாண்டிவிடும். அதில் மறுபடி விதைக்கு 60 கிலோவை எடுத்து வைத்துவிட்டு, மீதியை மணலில் காயவைத்து விற்கலாம். காய்ந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

சுய உதவிக் குழுவில் ஒருவருக்கு 45 மிதவை என்று கணக்கு வைத்தார்கள். நாளுக்கு ஒரு மிதவை அறுவடை, 46-ஆம் நாள் மறுபடி முதல் மிதவை. படகு வேண்டாம், டீசல் வேண்டாம், எல்லை தாண்டும் பயம் இல்லை. இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீரில் நின்றபடி தினமும் கூலி பார்க்கலாம். வீட்டு ஆண்கள் கடலுக்குப் போய் என்ன ஆனார்களோ என்று காத்துக்கிடந்த குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பவளத்தின் மேல் விழுந்த போர்வை

மிதவையில் இருக்கும்வரை சிக்கல் இல்லை. கயிற்றிலிருந்து ஒரு துண்டு அறுந்து போனால்தான் வம்பு. இந்தப் பாசிக்கு விதை, பூ எதுவும் தேவையில்லை. ஒடிந்த துண்டே புதுச் செடியாகிவிடும். நல்ல இடத்தில் சிக்கிக்கொண்டால் அங்கேயே வளரும்.

குருசடைத் தீவில் கிளைக் கிளையாக இருக்கும் பவளங்களின் மேல் இது படர்ந்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் 2008-இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். பின்னர் சிங்கில் தீவு, முள்ளித் தீவுப் பகுதிகளிலும் பாசி காணப்பட்டது.

பவளம் என்பது கல் அல்ல, உயிர். அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலைக் கொண்டு சமைத்துப் போடும் சாப்பாட்டில்தான் அது வாழ்கிறது. மேலே பாய் விரித்தாற்போல் பெப்சி பாசி மூடினால் வெயில் விழாது. சாப்பாடு இல்லை. பவளம் செத்துப்போகும். பவளம் செத்தால், அதன் இடுக்குகளில் ஒண்டி வாழும் மீன்களும் இடம் பெயரும். நஷ்டம் கடைசியில் மீனவர் வலையில்தான் வந்து விழும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. 1989-இல் இந்தப் பகுதி உயிர்க்கோளக் காப்பகமும் ஆனது. அங்கே இப்படியொரு வெளிநாட்டுப் பாசி நுழைந்தது சின்ன விஷயமல்ல.

பாசியை அறிமுகப்படுத்திய ஆராய்ச்சி நிறுவனத்தின் தரப்பு வேறு. படர்ந்திருப்பது மிகச் சிறிய பரப்பு, இங்குள்ள சூழலில் அது கட்டுமீறிப் பெருகாது என்பது அவர்கள் வாதம். வெப்பத்தால் பவளம் வெளுத்துப்போன 2010, 2016 ஆண்டுகளின் இழப்பையும், ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததையும் மறந்துவிட்டு பாசி மேல் மட்டும் பழி போட முடியாது என்பதும் உண்மை. ஆனால், ஏற்கெனவே நொந்துபோன பவளத்தின் மேல் இன்னொரு சுமை ஏறலாமா என்பதுதான் எதிர்த்தரப்பின் கேள்வி.

அரசு போட்ட கோடு

2005 டிசம்பரில் தமிழக அரசின் சுற்றுச்சூழல் மற்றும் வனத்துறை ஓர் ஆணை பிறப்பித்தது. பாக் நீரிணைக்கு வடக்கிலும், தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டும் இந்தப் பாசியை வளர்க்கலாம். நடுவில் இருக்கும் மன்னார் வளைகுடாவில் கூடாது.

இராமேஸ்வரம் தீவுக்காரர்களுக்குக் கடல் இரண்டு. பாக் நீரிணைப் பக்கம் வடகடல். மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். ஆணையின் சாரத்தை அவர்கள் மொழியில் சொன்னால், ‘தென்கடலில் வைக்காதே’ என்பதுதான்.

காகிதத்தில் கோடு தெளிவாகத்தான் இருக்கிறது. கடலில்? வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும். மிதவைகள் உடைவதும் கயிறுகள் அறுவதும் அப்போதுதான். அதே பருவத்தில் நீரோட்டம் பாம்பன் கால்வாய் வழியாக வடக்கிலிருந்து தெற்கே பாய்கிறது. கால்வாயைத் தாண்டியதும் பக்கத்திலேயே குருசடைத் தீவு! அறுந்த துண்டுக்கு அரசாணை தெரியாது.

மீனவர்கள் என்ன நினைக்கிறார்கள்?

‘மீனவர்கள் எதிர்க்கிறார்கள்’ என்றோ ‘ஆதரிக்கிறார்கள்’ என்றோ ஒரே வரியில் சொல்ல முடியாது. கரையில் குறைந்தது மூன்று பார்வைகள் உண்டு.

முதலாவது, மிதவை வைத்திருக்கும் பெண்கள். இவர்களுக்குப் பாசி என்பது பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், குழுக் கடனின் தவணை. கொண்டுவந்து கொடுத்ததும் அரசு நிறுவனம், கடன் கொடுத்ததும் வங்கி, பிறகு ‘இது ஆபத்து’ என்று சொல்வதும் அரசுதானா என்பது இவர்களின் நியாயமான ஆதங்கம்.

இரண்டாவது, கரையோரம் வலை போடும் சிறு மீனவர்கள். கரைவலை இழுக்கும் இடத்தையும், நாட்டுப்படகு வந்து போகும் வழியையும் மிதவைகள் அடைத்துக்கொண்டால் இவர்களுக்குத் தொழில் கெடும். அறுந்த கயிறும் மூங்கிலும் வலையைக் கிழிக்கும். மிதவையின் நிழல் விழுந்தால் அடியிலிருக்கும் கடல்புல் வாடும். நண்டும் இறாலும் குஞ்சுப் பருவத்தில் வளர்வது அந்தப் புல்லில்தான்.

மூன்றாவது, இயற்கையாக விளையும் பாசியை மூழ்கி எடுக்கும் பெண்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று இவர்கள் பெயர் வைத்து அழைக்கும் உள்ளூர்ப் பாசிகள் தீவுகளைச் சுற்றிய பாறைகளில் விளைகின்றன. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து மூழ்கி, தலைமுறை தலைமுறையாக எடுக்கிறார்கள். தேசியப் பூங்கா வந்த பிறகு ‘தீவுப் பக்கம் வராதே’ என்று இவர்களைத் தடுத்தார்கள். உள்ளூர்ப் பாசியை எடுப்பது குற்றம், வெளிநாட்டுப் பாசியை வளர்ப்பது தொழில் என்றால் எப்படி என்று இவர்கள் கேட்டால் பதில் சொல்வது கடினம்.

மூன்று தரப்புக்கும் பொதுவாக ஒரு கசப்பு உண்டு. 2001-இல் கடல் அட்டையைப் பாதுகாக்கப்பட்ட உயிரினமாக அறிவித்தபோது, அதைக் குளித்து எடுத்துப் பிழைத்த பல குடும்பங்களின் வருமானம் நின்றுபோனது. மேலிருந்து வரும் விதி என்றாலே ‘இது எங்கள் வயிற்றில் அடிக்கத்தான்’ என்ற சந்தேகம் அன்றிலிருந்து கூடியிருக்கிறது.

எண்ணூரில் வேறு கதை

இதே தமிழகக் கடற்கரையின் வடகோடியில், எண்ணூர், பழவேற்காடு பகுதியில், மீனவர்களே ‘அந்நிய உயிரை அகற்றுங்கள்’ என்று போராடினார்கள். தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த ஒரு சிப்பி இனம் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் பெருகி, அடிமண்ணையே மூடிவிட்டது. அங்கே அதற்குப் பெயர் ‘காக்கா ஆழி’. கப்பல்களின் அடித்தொட்டித் தண்ணீரோடு வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. இறால் பிடிக்கும் இடம் போனது, மட்டி போனது. விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

காக்கா ஆழி எடுத்துக்கொள்ள மட்டுமே வந்தது. பெப்சி பாசியோ கொடுக்கவும் செய்கிறது. அதனால்தான் இங்கே முடிவு சிக்கலாகிறது.

இராமநாதபுரத்துக்காரர்களுக்கு இது புதிதும் அல்ல. சீமைக்கருவேலத்தை நினைத்துப் பாருங்கள். விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று நல்லெண்ணத்தோடு பரப்பிய மரம் கண்மாய்களை விழுங்கிவிட்டது. வெட்டச் சொல்லி நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. ஆனால், கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அதுதான் அடுப்பெரிய வழி. கரையில் கருவேலம், கடலில் பாசி. வந்தது ஊன்றிவிட்டால், அது ஊரின் பிழைப்போடு பின்னிக்கொள்கிறது.

ஹவாய் சொல்லும் பாடம்

அமெரிக்காவின் ஹவாய் தீவுகளுக்கு இந்தப் பாசி வகை 1970-களில் சோதனைக்காகக் கொண்டுபோகப்பட்டது. கானியோஹே விரிகுடாவில் அது பவளங்களின் மேல் படர்ந்தது. அகற்றுவதற்கென்றே கடலுக்கடியில் பாசியை உறிஞ்சும் ஒரு பெரிய குழாய் இயந்திரத்தை உருவாக்கினார்கள். உறிஞ்சிய இடத்தில் மறுபடி முளைக்காமலிருக்க, பாசியைத் தின்னும் கடல் முள்ளெலிகளைப் பண்ணையில் வளர்த்து விட்டார்கள். பல ஆண்டு உழைப்பு, பெருஞ்செலவு.

இங்கே வனத்துறை கையால் பிய்த்தெடுக்கிறது. ஆனால், பவளக் கிளைக்குள் ஒரு விரல்கடைத் துண்டு மிச்சமிருந்தாலும் மறுபடி தழைத்துவிடும். வந்தபின் விரட்டுவதைவிட வராமல் காப்பது எவ்வளவோ மலிவு.

எந்த விதி நிற்கும்?

பாசித் தொழில் நிற்கப்போவதில்லை. 2013-ஐ ஒட்டிப் பாசி கூட்டங்கூட்டமாக அழிந்து தொழில் படுத்துப்போனது. ஆனாலும், 2021 மத்திய பட்ஜெட்டில் தமிழகத்துக்குக் கடல்பாசிப் பூங்கா அறிவிக்கப்பட்டு, இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் இடம் தேர்வானது. வெளிநாட்டிலிருந்து உயிருள்ள பாசியை இறக்குமதி செய்வதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய மீன்வளத்துறை 2024-இல் வெளியிட்டது. தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே கடலில் விட வேண்டும் என்கின்றன அவை. 1980-களில் இல்லாத ஒரு வாசற்கதவு இது.

கதவு போதாது. கரையில் இருப்பவர்களும் காவலுக்கு நிற்க வேண்டும். அவர்கள் நிற்பார்களா? இந்தக் கரையிலேயே இரண்டு சாட்சிகள் உண்டு.

இங்கே விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று ஒரு முறை இருக்கிறது. இரு தரப்பும் மோதிக்கொண்ட காலத்தில் பேசி உருவான ஏற்பாடு. குறைகள் இருந்தாலும் நிற்கிறது.

அடுத்தது, பாசி எடுக்கும் பெண்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, பாசி தழைக்கும் பருவத்தில் எடுப்பதை நிறுத்துவது என்று முடிவு செய்தார்கள். இவர்களுக்குத் தலைமை தாங்கிய பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி என்ற சர்வதேச அமைப்பின் விருது கிடைத்தது.

தங்களைக் கேட்டுப் போட்ட விதியை மீனவர்கள் காப்பாற்றுகிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

அப்படியானால் செய்ய வேண்டியவை கண்ணெதிரே இருக்கின்றன. வாடைக்கு முன் மிதவைகளைக் கரையேற்றுவது. பாம்பன் கால்வாய்க்குப் பக்கத்தில் மிதவையே வைக்காமலிருப்பது. கடல்புல்லும் கரைவலைப் பாடும் இருக்கும் இடங்களை ஊர்க்கூட்டத்தில் பேசி ஒதுக்கிவைப்பது. கஞ்சிப்பாசி போன்ற உள்ளூர் இனங்களை வளர்த்தால் நல்ல விலைக்கு உறுதி தருவது. தீவுகளில் பாசியை அகற்றும் வேலையை, அந்தப் பாறைகளை உள்ளங்கையாக அறிந்த பெண்களுக்கே கூலியோடு கொடுப்பது. ‘தீவுப் பக்கம் வராதே’ என்று விரட்டப்பட்டவர்களே தீவின் காவலர்களாவார்கள்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. வீட்டுத் தொட்டியில் வளர்த்துச் சலித்துப்போன வண்ணமீனை, தொட்டி சுத்தம் செய்யும் மீனை, ‘பாவம், பிழைத்துப் போகட்டும்’ என்று குளத்திலோ ஆற்றிலோ விடாதீர்கள். 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை இன்று எந்தக் குளத்தில் இல்லை, சொல்லுங்கள்?

நல்லெண்ணத்தோடு விட்டதுதான் எல்லாமே. விடுவதற்கு ஒரு கை போதும், திரும்ப எடுக்க ஓர் ஊரே இறங்க வேண்டியிருக்கிறது.